பீரங்கி உண்டு... குண்டு இல்லை!

எனக்கும் கப்பலுக்கும் உள்ள சம்பந்தம் இரண்டே இரண்டு. ஒன்று, ஆறாம் வகுப்பில் கணக்கு நோட்டைக் கிழித்துக் கப்பல் செய்து மழைத் தண்ணீரில் விட்டது. இரண்டு, பி.காம். முடித்து ஒரு பிசினஸ் ஆரம்பித்து, அதைக் கவிழ்த்தது.

இந்த லட்சணத்தில், போன மாதம் அக்கா பையன் லீவுக்கு வந்தான். கொச்சியில் கப்பல் டிசைன் படிக்கிறான். தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை.

“மாமா, நீங்கதான் காப்பாத்தணும்.”

“என்ன மாப்ளே, லவ்வா?”

“செமினார் மாமா! எதிர்காலப் போர்க்கப்பலுக்கு ஆராய்ச்சியை எப்படித் திட்டம் போடறதுன்னு அரை மணி நேரம் பேசணும்.”

“எனக்கு நீச்சலே தெரியாதேடா!”

“கப்பலை நான் பார்த்துக்கறேன். கணக்குதான் உதைக்குது. நீங்க பி.காம்.தானே?”

என் டிகிரியை மதித்து ஒருத்தர் உதவி கேட்டது, இந்த முப்பத்தேழு வயதில் அதுதான் முதல் தடவை. உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சமயம் எங்கள் வீட்டிலேயே போர்க்கால நிலைமைதான். எனக்கும் அப்பாவுக்கும் மூன்று வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம், மாடி.

அப்பா 1994-ல் கட்டிய வீடு இது. தரைத்தளம் மட்டும். மொட்டை மாடியில் ஒன்பது தூண்களின் கம்பிகளும் இடுப்பு உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ‘பின்னால மாடி எடுக்கணும்னா வேணும்ல?’ என்பார். அந்தப் ‘பின்னால’ முப்பது வருஷமாக வரவில்லை. துணி காயப்போடவும் பட்டம் சிக்கவும்தான் கம்பிகள் பயன்பட்டன.

இப்போது நான் மாடி கட்டப்போகிறேன். ஒரு கம்பெனிக்காரர் வந்து ‘எதிர்கால வீடு’ என்று ஒரு பாக்கேஜ் காட்டினார். கதவு, விளக்கு, ஏ.சி., தண்ணீர் மோட்டார், ஜன்னல் திரை எல்லாமே செல்போனுக்குக் கட்டுப்படும். எட்டு லட்சம். அட்வான்ஸ் இரண்டு லட்சம். எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். “ரிப்பேரானா எவன் வருவான்?”

“உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா” என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவே அம்மாதான் தூதர்.

*

கப்பலுக்கு வருவோம். நான் நினைத்த மாதிரி அது இரும்புச் சமாச்சாரம் இல்லை, ஜோசியச் சமாச்சாரம். இன்றைக்குக் காகிதத்தில் கோடு போட்டால், கப்பல் தண்ணீரில் இறங்க பத்து வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அப்புறம் முப்பது, நாற்பது வருஷம் உழைக்க வேண்டும். ஆக, கோடு போடுகிற ஆள் அரை நூற்றாண்டு தள்ளி எதிரி கையில் என்ன இருக்கும் என்று யோசிக்க வேண்டும். போன மாதம் எழுதிய கட்டுரைக்கு செக் எப்போது வரும் என்று சொல்லத் தெரியாத எனக்கு மலைப்பாக இருந்தது.

அக்கா பையன் லேப்டாப்பைத் திறந்து ஒரு படம் காட்டினான். கப்பல் மாதிரியே இல்லை. கடலில் மிதக்கிற இஸ்திரிப் பெட்டி!

“அமெரிக்காவோட ஜும்வால்ட் டெஸ்ட்ராயர் மாமா. சாதாரணக் கப்பல் மேலே போகப் போக விரியும். இது உள்பக்கமா சாயும். ரேடாருக்கு டிமிக்கி குடுக்க.”

டிமிக்கி என்றால் சாதாரண டிமிக்கி இல்லை. 186 மீட்டர் நீளக் கப்பல். 2016-ல் மேய்ன் மாநிலக் கடலில் சோதனை ஓட்டம் போனபோது, பக்கத்தில் சிங்கி இறால் பிடிக்கப் போன ஒருவரின் ரேடாரில் அது நாற்பது, ஐம்பது அடி மீன்பிடிப் படகாகத்தான் தெரிந்ததாம். மற்ற கப்பல் வந்து இடித்துவிடக் கூடாதே என்று, மூடுபனியில் ரேடாருக்குத் தெரிகிற மாதிரி பிரதிபலிப்பான் மாட்டிக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார்கள். கோடி கோடியாகச் செலவு பண்ணி மறைந்து, அப்புறம் ‘நான் இங்கேதான் இருக்கேன்’ என்று கை தூக்குவது!

அதன் முதல் கேப்டன் பெயர் ஜேம்ஸ் கிர்க். ‘ஸ்டார் ட்ரெக்’ விண்வெளிக் கப்பலின் கேப்டன் பெயரும் அதேதான். கதை எழுதினால்கூட இப்படிப் பொருத்தம் வராது.

இந்தக் கப்பலுக்காக அமெரிக்கக் கடற்படை ஒரே நேரத்தில் பத்து புதுச் சமாச்சாரங்களைக் கையில் எடுத்தது. புது உடல், புது மேல்கட்டு, புது ரேடார், புது மின்சார ஓட்டம், புது பீரங்கி, சிப்பந்திகளைக் குறைக்கப் புது கம்ப்யூட்டர் ஏற்பாடு... இப்படி. ஒவ்வொன்றுக்கும் மாதிரி செய்து சோதித்துப் பார்க்கவும் செய்தார்கள். சும்மா சொல்லக் கூடாது. ஆனால், பத்தும் ஒன்றாகக் கூடி வந்தால்தான் கப்பல். ஒன்று தடுக்கினாலும் மற்ற ஒன்பதும் வாசலில் காத்திருக்கும். கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் பஸ்ஸைத் தவறவிட்ட கதைதான்.

“கணக்கு எங்கடா உதைக்குது?”

“முதல்ல 32 கப்பல்னு திட்டம் மாமா. குறைச்சுக் குறைச்சு கடைசியில 3. ஆராய்ச்சிக்கு மட்டும் சுமார் 1,000 கோடி டாலர்.”

பென்சிலை எடுத்தேன். அட, இது எங்கள் ஏரியா! ஆயிரம் கோடியை 32-ஆல் வகுத்தால், ஒரு கப்பல் தலையில் 31 கோடி டாலர் சொச்சம். பத்துக் கப்பல் என்றால் தலைக்கு நூறு கோடி. மூன்று என்றால், 333 கோடி! ஆராய்ச்சியில் ஒரு பைசா கூடுதலாகச் செலவாகாவிட்டாலும், கப்பல் எண்ணிக்கை குறைந்தாலே ஒவ்வொரு கப்பலின் விலையும் மாடி ஏறிவிடும். விலை ஏறியதே என்று எண்ணிக்கையைக் குறைப்பார்கள். குறைத்ததால் இன்னும் ஏறும்.

2008-ல் கடற்படையே ‘இது எங்களுக்குப் போதும், பழைய பர்க் வகை டெஸ்ட்ராயரையே தொடர்ந்து கட்டுகிறோம்’ என்று சொல்லிவிட்டது. 2010-ல், ஆயுதங்களின் விலை எல்லை தாண்டினால் நாடாளுமன்றத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்கிற அவர்கள் ஊர்ச் சட்டத்தில் ஜும்வால்ட் மாட்டிக்கொண்டது. முக்கியக் காரணம், இந்த வகுத்தல் கணக்கு. செலவைக் குறைக்க ஒரு ரேடாரையே கழற்றி எறிந்தார்கள்.

“இது பரவாயில்ல மாமா. பீரங்கிக் கதையைக் கேளுங்க” என்றான்.

கரையில் இறங்கும் படைகளுக்கு ஆதரவாக, 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தே குறி பார்த்துச் சுட வேண்டும் என்று இரண்டு 155 மில்லிமீட்டர் பீரங்கிகள். அதற்கென்றே ஒரு தனிக் குண்டு. தரைப்படையிடம் சாதாரண 155 மில்லிமீட்டர் குண்டு மலையாகக் குவிந்து கிடக்கிறது. அளவு அதே. ஆனால், இந்த பீரங்கிக்குச் சேராது! அந்த ஒரே குண்டுதான். 32 கப்பலுக்கு என்று ஆரம்பித்த குண்டு, 3 கப்பலுக்கு என்றானதும் அதன் விலையும் அதே ஏணியில் ஏறியது. ஒரு குண்டு சுமார் 8 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல்!

2016 அக்டோபரில் கப்பல் படையில் சேர்ந்தது. நவம்பரில் பனாமா கால்வாயில் மக்கர் பண்ணி, இழுத்துப்போக வேண்டியதாயிற்று. அதே நவம்பரில் குண்டு வாங்கும் திட்டம் கைவிடப்படுகிறது என்ற செய்தியும் வந்தது. உலகத்திலேயே நவீனமான பீரங்கி இரண்டு இருக்கிறது. போட்டுச் சுடக் குண்டு இல்லை.

அக்கா பையன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் சமையலறை மூலைக்குப் போயிற்று. அங்கே ஊறுகாய் ஜாடிகளைச் சுமந்துகொண்டு என் ஜும்வால்ட் நின்றுகொண்டிருந்தது.

*

2014. எனக்கு வயசு இருபத்தாறு. சிநேகிதனும் நானும் காலேஜ் வாசலில் ஜெராக்ஸ் கடை போட்டோம். ‘எல்லாரும் கறுப்பு வெள்ளை போடறான், நாம கலர்ல கலக்குவோம்’ என்று நாலு லட்சத்துக்கு ஒரு மெஷின் வாங்கினோம். பாதிக்கு பேங்க் லோன். மீதியில் பெரும் பங்கு அம்மாவின் நாலு வளையல். ‘ஒரே வருஷத்துல மீட்டுடறேம்மா’ என்றேன்.

மெஷின் அற்புதம். ஆனால், அதற்கு அந்தக் கம்பெனி மைதான் ஊற்ற வேண்டும். வேறு எது ஊற்றினாலும் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். ‘ஜில்லா முழுக்க நூறு மெஷின் விக்கப்போறோம் சார், மை தண்ணி மாதிரி கிடைக்கும்’ என்றார் விற்பனைப் பிரதிநிதி. விற்றது மூன்று. மூன்று பேருக்காக யார் மை கொண்டுவருவார்கள்? விலை இரண்டு மடங்காயிற்று, மூன்று மடங்காயிற்று. கடைசியில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள்.

வளையல் ஏலத்துக்குப் போன அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ‘கை லேசா இருக்குடா’ என்று மட்டும் சொன்னாள். இன்றைக்கும் அம்மா பாத்திரம் தேய்க்கும்போது சத்தம் வராது. அது எனக்கு மட்டும் கேட்கும்.

அமெரிக்கக் கடற்படைக்கும் எனக்கும் ஒரே வியாதி. இரண்டு பேரும் புதுசு வாங்கியது தப்பில்லை. வரும் என்று நம்பிய எண்ணிக்கை வராவிட்டால் என்ன ஆகும் என்று வகுத்துப் பார்க்காததுதான் தப்பு. நான் பி.காம். வேறு!

*

“அப்ப புதுசே வேணாம்னு செமினார்ல சொல்லிடலாமா?” என்றேன்.

“அது எப்படி மாமா? அப்படிப் பார்த்தா நாம இன்னும் பாய்மரத்துலதான் போகணும்” என்றவன், இன்னொரு படம் காட்டினான். 1975-ல் முதல் கப்பல் வந்த ஸ்ப்ரூவன்ஸ் வகை.

இது வந்தபோது சிரிக்காத ஆள் இல்லையாம். சுமார் 8,000 டன் உடம்பு. ஆயுதம் என்று பார்த்தால் இரண்டு பீரங்கி, நீர்மூழ்கியை அடிக்க ஒரு ஏவுகணைப் பெட்டி, இன்னும் கொஞ்சம். சோவியத் கப்பல்களோ மேல்தளம் முழுக்க ஆயுதமாக முள்ளம்பன்றி மாதிரி நிற்கும். ‘இத்தனை பெரிய வீட்டில் இரண்டே நாற்காலியா?’ என்று கேட்டார்கள்.

கேலி செய்தவர்கள் பார்க்காதது, அந்தக் காலி இடம். வேண்டுமென்றே விட்டது. பிற்பாடு செங்குத்து ஏவுகணைக் குழாய்கள் வந்தபோது, 24 கப்பல்களில் தலா 61 குழாய் இறக்கினார்கள். டோமஹாக் ஏவுகணை ஏறிற்று. அதே உடலை வைத்து, மேலே ஏஜிஸ் ரேடாரை ஏற்றி டைகாண்டரோகா வகைப் போர்க்கப்பல் பிறந்தது. முதல் கப்பல் 1983-ல். ஸ்ப்ரூவன்ஸ் 31, டைகாண்டரோகா 27. வகுத்தல் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள்!

அந்த ஏஜிஸும் நேராகக் கப்பல் ஏறிவிடவில்லை. அதன் பொறுப்பில் இருந்தவர் வேய்ன் மேயர் என்கிற கடற்படை அதிகாரி. கொஞ்சம் செய், கொஞ்சம் சோதி, நிறையக் கற்றுக்கொள் என்பது அவர் கட்சி. 1974-ல் நார்ட்டன் சவுண்ட் என்ற சோதனைக் கப்பலில் ஏற்றிப் பார்த்தார்கள். நியூ ஜெர்ஸியில் வயல்வெளிக்கு நடுவே, கப்பலின் மேல்கட்டை மட்டும் கட்டடம் மாதிரி எழுப்பி, அதற்குள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார்கள். ‘சோளக்கொல்லைக் கப்பல்’ என்றே அதற்குப் பெயர். கரையில் தப்பு பண்ணினால் செலவு கம்மி. கடலில் தப்பு பண்ணினால் பனாமாவில் போய் நிற்க வேண்டும்.

“எங்க தொழில்ல ஒரு பழமொழி உண்டு மாமா” என்றான். “இரும்பு மலிவு, காற்று இலவசம். இடத்தைப் பெருசா விடறதுக்கு அவ்வளவு செலவில்ல. உள்ள வைக்கிற எலெக்ட்ரானிக்ஸ், ஆயுதம், அதுதான் காசு. அதனால டிசைன் போடறப்பவே எடையில சுமார் 10 சதவீதம் பின்னால வரப்போறதுக்குன்னு ஒதுக்கி வைக்கணும். என்ன வரும்னு தெரியாது. ஏதோ வரும்னு தெரியும்.”

இன்னொரு வேடிக்கையும் சொன்னான். ஜும்வால்ட் என்பது ஒரு அட்மிரலின் பெயர். 1970-ல் நாற்பத்தொன்பது வயதில் கடற்படைத் தலைமைக்கு வந்தவர். மாலுமிகள் தாடி வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த புண்ணியவான். ‘எல்லாக் கப்பலும் விலை உயர்ந்ததாக இருந்தால் கட்டுப்படியாகாது; கொஞ்சம் உசத்தி, நிறைய மலிவு என்று கலந்து கட்டு’ என்பதுதான் அவர் கொள்கை. அவர் போட்ட பிள்ளையார் சுழியில் பெர்ரி வகைக் கப்பல்கள் அமெரிக்காவுக்கு மட்டும் 51 கட்டினார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரின் பெயரை, மூன்றே மூன்று கட்ட முடிந்த கப்பலுக்கு வைத்தார்கள். சிக்கனக்காரத் தாத்தா பெயரில் நகைக்கடை!

அப்போதுதான் கவனித்தேன். கூடத்தில் பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்த அப்பா, அரை மணி நேரமாக ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அந்த பீரங்கிய இப்ப என்ன பண்றாங்கன்னு கேளு” என்றார் பேரனிடம். என்னிடம் இல்லை. தூதர் மாறியிருக்கிறார்.

“கழட்டிட்டாங்க தாத்தா. 2023-ல கப்பலை பாஸ்ககூலாங்கிற ஊருக்குக் கொண்டுபோனாங்க. பீரங்கிய எடுத்துட்டு, அந்தக் குழியில ஒலியைவிட அஞ்சு மடங்கு வேகத்துக்கு மேல போற புது ஏவுகணைக்குக் குழாய் இறக்கற வேலை. பன்னெண்டு ஏவுகணை.”

பாஸ்ககூலா. அந்த 31 ஸ்ப்ரூவன்ஸ் கப்பல்களையும் கட்டிய அதே ஊர், அதே துறைமுகம்!

“அப்ப கடைசியில உதவினது பீரங்கி இல்ல, பீரங்கி இருந்த இடம்” என்றார் அப்பா.

கூடத்தில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அக்கா பையன் அவசரமாக அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

“மின்சாரமும் உதவுது தாத்தா” என்றான், ஜும்வால்ட்டை விட்டுக்கொடுக்க மனசில்லாமல். “78 மெகாவாட். ஓட்டத்துக்கோ ஆயுதத்துக்கோ, தேவைப்படற பக்கம் திருப்பிக்கலாம். 2022-ல அடுத்த டெஸ்ட்ராயருக்குப் படம் காட்டினப்போ அந்த யோசனையை எடுத்துக்கிட்டாங்க. ஆனா ரேடாரும் போர்க் கம்ப்யூட்டரும் ஏற்கெனவே பழகினது. புது உடம்பு, பழைய மூளை.”

“ஒரே நேரத்துல பத்து புதுசு வேணாம்னு பட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க” என்றார் அப்பா. பார்வை ஊறுகாய் ஜாடிப் பக்கம் போகவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் எனக்குத் தாங்கவில்லை.

*

மறுநாள் இன்ஜினீயர் வந்தார். மாடி ஏறி, சுத்தியால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தார். துணிக்கட்டையால் தேய்த்துப் பார்த்தார்.

“முப்பது வருஷக் கம்பின்னு சொன்னா நம்ப முடியல சார். பக்கத்து வீட்டுல பாருங்க, துரு தின்னுடுச்சு, வெட்டி எறியணும். இதுல அப்படியே ஜாயின்ட் போட்டு எழுப்பலாம். என்ன பண்ணீங்க?”

நான் ஒன்றும் பண்ணவில்லை. அப்பா பண்ணியிருக்கிறார். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் சிமென்ட் பால் கரைத்து, பழைய பிரஷ்ஷால் கம்பிகளுக்குப் பூசுவார். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பார். ‘வேலையத்த வேலை’ என்று நானே சிரித்திருக்கிறேன். காலி இடம் விட்டால் மட்டும் போதாது. அதைக் காலியாகவே, கெடாமல் வைத்திருக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

கீழே இறங்கி நேராக அப்பாவிடம் போனேன். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

“அந்தப் பாக்கேஜ் வேணாம்ப்பா.”

ஜெயித்த முகமே காட்டவில்லை. “முழுசா வேணாம்னு யார் சொன்னா? நாளைக்கு வேணும்னா என்ன பண்ணுவே? சுவர் எழுப்பும்போதே காலி பைப் போட்டு வை. ஒயரு இப்ப வேணாம். பைப்பு என்ன விலை இருக்கும்? என்ன வருதோ அப்ப இழுத்துக்கலாம்.”

இரும்பு மலிவு, காற்று இலவசம். கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தாவாக இருந்து ரிடையரான மனிதர், கப்பலையே பார்த்ததில்லை.

அட்வான்ஸுக்கு எடுத்து வைத்திருந்த இரண்டு லட்சம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அம்மா கையில் இப்போது இரண்டு வளையல் இருக்கிறது. நாலில் பாதிதான். பாத்திரம் தேய்க்கும்போது லேசாகச் சத்தம் வருகிறது.

செமினார் நன்றாகப் போயிற்றாம். ‘பீரங்கி இல்ல, பீரங்கி இருந்த இடம்’ என்ற இடத்தில் புரொபசரே தலையாட்டினாராம். ‘யார் சொன்னது?’ என்று கேட்டதற்கு, ‘எங்க தாத்தா’ என்றிருக்கிறான். கணக்குப் போட்டுக் கொடுத்த மாமாவைப் பற்றிப் பேச்சே இல்லை. கிடக்கட்டும்.

கட்டட வேலை தை பிறந்ததும் ஆரம்பம். அதுவரை கம்பி நனையக் கூடாதே! அப்பாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை நானே பக்கெட்டில் சிமென்ட் பால் கரைத்துக்கொண்டு ஏறினேன். ஒன்பது தூணும் முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

கீழே வாசலில் ஈஸிசேரில் சாய்ந்தபடி, மாடிப் பக்கமே பார்க்காமல் அப்பா குரல் கொடுத்தார்.

“மூணாவது தூணு... மேக்கால கம்பிக்கு அடிப்பக்கம் விட்டிருப்பே. குனிஞ்சு பாரு.”

குனிந்து பார்த்தேன். விட்டிருந்தேன்.